பழைய வெடிமருந்துக் குடுவை: அசலா நகலா என்று பார்ப்பது எப்படி

வாய்ப்பக்கத்தால் மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கு வைத்திருந்த வீடுகளில், துவக்கு கைமாறிப் போன பிறகும் அதன் துணைச் சாமான் ஒன்றிரண்டு பெட்டகத்தின் அடியில் மிஞ்சிக் கிடக்கும். அவற்றில் மிக அழகானது வெடிமருந்துக் குடுவைதான். ஒரு கையால் பிடிக்கக்கூடிய செம்பு அல்லது பித்தளைப் புட்டி, மேற்பகுதி ஒடுங்கி அடி அகன்றிருக்கும். தலையில் பெருவிரலால் அழுத்த ஒரு பிடியும், மருந்தை அளந்து விட ஒரு சிறு குழாயும் இருக்கும். உடம்பில் மானோ, முயலோ, நாயோ, தொங்கவிட்ட பறவைகளோ புடைப்பாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இதைச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு இது மூன்று வழியில் கைக்கு வருகிறது. ஒன்று சொந்த வீட்டுப் பழஞ்சாமான். இன்னொன்று பழைய பித்தளை, இரும்பு வாங்கி விற்பவர். மூன்றாவது, லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் உறவினர் இணைய ஏலத்தில் எடுத்து அனுப்புவது. மூன்று வழியிலும் நகல்கள் வருகின்றன, வீட்டுப் பெட்டகமும் இதற்கு விலக்கில்லை. வெளிநாட்டில் இருந்து 40 வருடத்துக்கு முன் யாரோ கொண்டு வந்த அலங்காரப் பொருள் இன்று 'அப்பப்பாவின் குடுவை' ஆகியிருக்கலாம்.

புதியவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்ததாகக் கம்பனிப் பெயரைத் தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. செய்த விதத்தை முதலில் பாருங்கள், பிறகு தேய்மானத்தை, அதன் பிறகே நிறத்தை. பெயரை எல்லாவற்றுக்கும் கடைசியில் பாருங்கள். நிறத்தை ஒரு கிழமையில் உண்டாக்கலாம், பெயரை ஒரு மணி நேரத்தில் வெட்டலாம். தகடு அச்சில் அழுத்தப்பட்ட விதத்தையும், ஒரு கை வருடக்கணக்காகப் பிடித்த தடத்தையும் அவ்வளவு சுலபமாகப் போலி செய்ய முடியாது.

தொடுவதற்கு முன்

குடுவையை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது சரசரத்தாலோ, கட்டி ஒன்று உருண்டாலோ, அது கருமருந்தாக, அதாவது அந்தக் காலத் துவக்கில் போட்ட வெடிமருந்தாக, இருக்கலாம். ஈரம் படாமல் இருந்தால் கருமருந்து நூறு வருடம் கழித்தும் பற்றும். ஆகவே நெருப்பு, கொதிக்கும் தண்ணீர், பற்றவைக்கும் கோல், துளைபோடும் இயந்திரம், இரும்புக் கம்பி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. இறுகிப் போன அழுத்துபிடியைக் குறடு போட்டுத் திருகவும் வேண்டாம்.

கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. அது தண்ணீரில் கரைந்துவிடும். வீட்டுக்கு வெளியே வைத்துக் குளிர்ந்த தண்ணீரை உள்ளே நிரப்பி, ஒரு இரவு விட்டு, மறுநாள் வெறும் நிலத்தில் பரவலாக ஊற்றுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். அதனால் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் நல்லது. பிறகு நிழலில் நன்றாகக் காயவிட்டு, இரும்பு வில்லுக்கு மட்டும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். உள்ளே இருப்பது தூசி அளவைத் தாண்டி நிறைய இருந்தால், அல்லது வாயே திறக்காமல் அடைபட்டிருந்தால், நீங்களாகக் கைவைக்காமல் பொலிசுக்குத் தெரிவியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடிமருந்து வைத்திருப்பது இலங்கையில் குற்றம்.

இன்னொரு விஷயம். புளி போட வேண்டாம், சாம்பல் போட வேண்டாம், பிராசோ போன்ற மினுக்கும் திரவமும் வேண்டாம். ஆராய்ந்து முடிக்கும் முன் மினுக்கினால் சாட்சியத்தையே கழுவி ஊற்றியதாகிவிடும்.

காலக்கணக்கை நேராக்குங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய பொருள் விற்பவரிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வசனம், 'இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான், கோட்டைப் பக்கம் எடுத்தது' என்பது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தங்கள் ஆட்சிக்குள் கொண்டு வந்தது 1619இல். ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது 1658இல். ஆங்கிலேயரிடம் அது போனது 1795இல். புடைப்புச் சித்திரத்தோடு, அச்சில் அழுத்திச் செய்த, அளவுக்குழாயைக் கூட்டிக் குறைக்கக்கூடிய செம்புக் குடுவை 19ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைப் பொருள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஹாக்ஸ்லி, சைக்ஸ் போன்றவர்கள் இவற்றைப் பெருமளவில் செய்தார்கள். அமெரிக்காவிலும் பிரான்சிலும் செய்தார்கள். ஆகவே அப்படி ஒரு குடுவையைக் காட்டி ஒல்லாந்தர் காலம் என்றால், பொருள் அசலாகவே இருந்தாலும் கதை பொய். ஒல்லாந்தர் காலத்தவர் மருந்து கொண்டு போனது பெரும்பாலும் கொம்பிலும் மரத்திலும்.

பின்பக்கத்தால் தோட்டா போடும் துவக்குகள் 1860களுக்குப் பிறகு பரவியதும் குடுவையின் தேவை மெல்லக் குறைந்தது. ஆனால் வாய்ப்பக்கத்தால் மருந்து இடிக்கும் துவக்கு இருந்த இடங்களில் குடுவையும் இருந்தது. எங்கள் பக்கத்து இடியனை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

நகல்களின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1950களின் கடைசியில் இருந்து அமெரிக்காவில் பழைய மாதிரித் துவக்குகளால் சுடும் விருப்பம் பெருகியது. 1961 முதல் 1965 வரை அவர்களுடைய உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவும் சேர்ந்துகொண்டது. அந்தச் சந்தைக்காக இத்தாலியில் கோல்ட் (Colt) என்ற அமெரிக்கக் கம்பனியின் பழைய கைத்துப்பாக்கிகளின் நகலையும் அதோடு குடுவைகளையும் செய்தார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றச் செய்யவில்லை, நகல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அந்த நகல்களுக்கு இப்போது 60 வயது. அவற்றில் உண்மையான பழைய நிறம் ஏறிவிட்டது. நிறத்தை நம்பாதே என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பொருத்துக்கோடு

செம்புக் குடுவையின் உடம்பு இரண்டு அரை ஓடுகளால் ஆனது. மெல்லிய தகட்டை உருக்கு அச்சில் வைத்து அழுத்தி இரண்டு பாதிகளைச் செய்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஈயப்பற்று வைப்பார்கள். கழுத்தில் தொடங்கி அடியைச் சுற்றி மறுபக்கக் கழுத்துவரை அந்தக் கோடு ஓடும்.

குடுவையைப் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துக் கோட்டை முழுவதும் தொடருங்கள். நல்ல பழைய வேலையில் அது மிக ஒடுங்கியது, நகம் படாத அளவுக்கு மட்டமாக அராவப்பட்டிருக்கும். சில இடத்தில் கண்ணுக்கே தெரியாது. நகலில் பற்று தடித்து வழிந்திருக்கும், அல்லது கோடு முழுவதும் அரைத்த கீறல் தெரியும். சில மலிவு நகல்களில் கோடே இருக்காது, ஏனெனில் உடம்பு வார்ப்பாகச் செய்யப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் கோடு மாதிரி ஒரு மேடு மட்டும் இருக்கும். அது வார்ப்பு அச்சின் விளிம்பு.

பொருத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கீழே விழுந்த அசல் குடுவைகள் அந்தக் கோட்டில்தான் பிளக்கும். உள்ளூர்த் தட்டார் ஒருவர் திரும்பப் பற்றவைத்த தடமும் இருக்கலாம். முழுக்கோடும் ஒரே மாதிரித் தடிப்பாக இருந்தால்தான் சந்தேகம். ஓரிடத்தில் மட்டும் தடித்திருந்தால் அது திருத்த வேலை. எனக்கு அப்படித் திருத்திய குடுவைகளில் தனி விருப்பம் உண்டு, ஆனால் விலை பேசும்போது அது குறைதான்.

கையில் எடுத்ததும் கனத்தையும் கவனியுங்கள். அசலின் தகடு மெல்லியது, எதிர்பார்த்ததை விட இலேசாக இருக்கும். இந்தியாவில் இருந்து அலங்காரப் பொருளாக வரும் பித்தளைக் குடுவைகள் பெரும்பாலும் கனமானவை.

சித்திரத்தை வெளியிலும் உள்ளேயும் பாருங்கள்

ஒரு பூதக்கண்ணாடி தேவை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்குக் கண்ணாடி கிடைத்தால் நல்லது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைத்தொழில் செய்யும் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் ஐந்து நிமிடம் இரவல் கேட்டாலும் போதும். அவரையே ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். குடுவை பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அச்சில் அழுத்திய வேலையையும் வார்த்த வேலையையும் அவருடைய கண் உடனே பிரித்துவிடும்.

உருக்கு அச்சில் அழுத்திய சித்திரத்தில் சின்னக் கோடும் கூராக வரும். பறவையின் இறகு, நாயின் மயிர், இலையின் நரம்பு தனித்தனியே தெரியும். அவை தேய்ந்திருந்தால் மேடான இடங்களில் மட்டும் தேய்ந்திருக்கும், பள்ளத்தில் உள்ள கோடுகள் இன்னும் கூராகவே இருக்கும். நகலில் மேடும் பள்ளமும் ஒருசேர மழுங்கியிருக்கும். காரணம் எளிது. அசல் ஒன்றில் இருந்து அச்செடுத்து வார்க்கும்போது நுண்ணிய கோடுகள் நிரம்பிப் போகின்றன. வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலை விடக் கொஞ்சம் சின்னதாகவும் இருக்கும். அதே மாதிரி அசல் ஒன்றின் அளவு உங்களிடம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது உள்ளே பார்க்க வேண்டும். தலைப்பகுதி சின்னத் திருகாணிகளால் கழுத்தில் பிடித்திருக்கும். அவை சுலபமாகக் கழன்றால் கழற்றலாம், இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். குழாயைக் கழற்றி அழுத்துபிடியை அழுத்தினாலே ஓரளவு உள்ளே தெரியும். கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பாருங்கள். வெளியே மான் மேடாக இருந்தால், உள்ளே அதே மான் பள்ளமாகத் தெரிய வேண்டும். தகட்டை அழுத்திச் செய்தால் வேறு மாதிரி வரவே முடியாது. உள்பக்கம் வழவழப்பாகவோ, மணல் மணலாக நுண்துளைகளோடோ இருந்தால் அது வார்ப்பு.

இந்தச் சோதனையில் ஒரு வரம்பு உண்டு. நல்ல இத்தாலிய நகல்களும் அச்சில் அழுத்தித்தான் செய்யப்பட்டன. அவை இதில் தேறிவிடும். அவற்றைப் பிடிப்பது தலைப்பகுதியில்தான்.

தலைப்பகுதி

இதில் நேரம் செலவழியுங்கள். குடுவையின் வேலையெல்லாம் இங்கேதான் நடக்கிறது. குழாய் வாயை விரலால் மூடி, குடுவையைத் தலைகீழாகப் பிடித்து, அழுத்துபிடியை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு விலகி மருந்து குழாய்க்குள் இறங்கும். பிடியை விட்டால் வில் தகட்டைத் திரும்ப மூடும். குழாய்க்குள் நிற்பது ஒரு வெடிக்கான மருந்து. அவசரத்தில், தூறலில், இருட்டில் ஒரு கையால் செய்யும் காரியம் இது. அதனால் அசல் பொருளில் இந்த அசைவு இழுபறி இல்லாமல் இருக்கும். தகடு துவாரத்தை இடைவெளி இல்லாமல் மூடும்.

வெளியே தெரியும் வில்லைப் பாருங்கள். பழையது கையால் சீர்செய்த உருக்கு வில், அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். மறைவான மூலையில் நீலநிறப் பதம் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். நகலில் ஒரே தடிப்புள்ள தகட்டுத் துண்டை வளைத்து வைத்திருப்பார்கள், அல்லது சுருள் கம்பி போட்டிருப்பார்கள். வில் உடைந்தால் மாற்றுவது வழக்கம். ஆகவே வில் ஒன்று மட்டும் பிழையாக இருந்தால் பொருளைத் தள்ளிவிடாதீர்கள்.

திருகாணியில் பழைய தலை சற்றுக் குவிந்து, கீற்று ஒடுங்கி இருக்கும். சிலுவைக் கீற்று இருந்தால் அது 1930களுக்குப் பிந்தியது, அதில் பேச்சுக்கே இடமில்லை. அந்தத் திருகாணி மட்டும் பின்னாளில் மாற்றியதா, எல்லாமே அப்படியா என்று மட்டும் பாருங்கள்.

அளவுக்குழாயில் எண்கள் இருக்கும். ஆங்கிலேயக் குடுவைகளில் அளவு டிராமில்தான். வேட்டைத் துவக்குக்கான குடுவையில் 2¼, 2½, 2¾, 3 என்று படிப்படியாக இருக்கும். ஒரு டிராம் ஏறக்குறைய 1.77 கிராம். கிராம் அளவு கண்டால் உடனே நகல் என்று முடிவு கட்டாதீர்கள், பிரெஞ்சுக் குடுவையாக இருக்கலாம். ஆங்கிலேய மாதிரிக் குடுவையில் கிரெயின் என்ற சிறு எடைக் கணக்கில் குழாய் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இன்று சுடுவோருக்கு விற்கும் மாற்றுக் குழாய்கள் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

இங்கே நான் மிகவும் நம்பும் ஒரு சோதனை இருக்கிறது. குடுவை சுத்தமாகிக் காய்ந்த பிறகு, நிமிர்த்தி வைத்து, தகடு மூடியிருக்கும்போது குழாயின் வாய்வழியாக மெல்லிய சமையல் ரவை விட்டு மட்டமாக நிரப்புங்கள். பிறகு அதைக் கொட்டி, ஊசி போடும் சிரிஞ்சிலோ மருந்து அளக்கும் மூடியிலோ கன அளவைப் பாருங்கள். 3 டிராம் கருமருந்து கிட்டத்தட்ட 5 மில்லிலீட்டருக்குக் கொஞ்சம் மேலே இடம் பிடிக்கும், அதாவது ஒரு தேக்கரண்டி. 2½ டிராமுக்கு வைத்தால் அதைவிடத் தெளிவாகக் குறைய வேண்டும். அசல் குழாய் இந்தக் கணக்குக்குக் கிட்ட நிற்கும், ஏனெனில் அதை நம்பித்தான் ஒரு மனிதன் துவக்கை முகத்தருகே வைத்தான். அலங்காரத்துக்குச் செய்த நகலில் எண்கள் வெறும் வேலைப்பாடு. குழாயைக் கூட்டினாலும் குறைத்தாலும் அளவு பொருந்தாது, சிலதில் குழாய் அசையவே அசையாது.

தேய்மானமும் நிறமும்

குடுவையை வேலைக்குப் பிடிப்பது போலப் பிடியுங்கள். உங்கள் பெருவிரல் எங்கே படுகிறதோ அங்கே அழுத்துபிடி மழுங்கியிருக்க வேண்டும். சுட்டுவிரல் மூடும் குழாய் வாயின் விளிம்பு வழவழத்திருக்க வேண்டும். உள்ளங்கை படும் மேடுகள் தேய்ந்திருக்க வேண்டும். கயிறு கோர்க்கும் வளையங்கள் இருந்தால், அவை தொங்கும் துவாரங்கள் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்தால் அது மிகப் பெரிய சாட்சி. பொருளைப் பழையதாக்க நினைப்பவர் அரத்தாளால் எல்லாப் பக்கமும் தேய்ப்பார், அல்லது யாருடைய கையும் படாத அடிப்பக்கத்தில் கீறல் போடுவார்.

நிறத்துக்கு வந்தால், உண்மையான பழஞ்செம்பு கபில நிறம், பள்ளங்களில் கறுப்பு ஏறும். பச்சைக் களிம்பு பொருத்துக்கோட்டிலும் திருகாணியைச் சுற்றியும் பிடிக்கும், விரலால் துடைத்தால் போகாது. இரசாயனம் போட்டு வரவழைத்த பச்சை மேடு பள்ளம் எல்லா இடமும் பரவி, தூளாக விரலில் ஒட்டும். மூக்கைக் கிட்டக் கொண்டு போனால் அமில வாசனையோ சப்பாத்துப் பொலிஷ் வாசனையோ அடிக்கலாம்.

ஆனால் எங்கள் ஊரில் நிறம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். காரைநகர், வல்வெட்டித்துறை மாதிரிக் கடலோர வீட்டில் உப்புக்காற்று புதுச் செம்பையும் கெதியில் பச்சையாக்கும். இன்னொரு பக்கம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுப் பித்தளை எல்லாவற்றையும் புளி போட்டு மினுக்கும் வழக்கத்தில் அசல் குடுவையும் குத்துவிளக்கோடு சேர்ந்து பளபளத்திருக்கும். மினுக்கியதால் ஒரு பொருள் நகலாகிவிடாது.

காந்தம் ஒன்று பையில் வைத்திருங்கள். செம்பு, பித்தளை உடம்பில் ஒட்டாது, உருக்கு வில்லில் ஒட்டும். உடம்பிலும் ஒட்டினால் அது இரும்புத் தகட்டுக்குச் செம்பு முலாம்.

பெயர் முத்திரை

டிக்சன், ஹாக்ஸ்லி போன்ற பெயர்கள் பெரும்பாலும் தலைப்பகுதித் தகட்டில் அல்லது கழுத்துப் பட்டையில் சின்ன எழுத்தில், ஒரே ஆழத்தில் இருக்கும். உடம்பின் நடுவில் பெரிய எழுத்தில் பெயர் இருந்தால் கவனம். இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்ற முழு வசனம் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு வழக்கம், பழையவற்றில் ஷெஃபீல்ட் என்ற ஊர்ப்பெயர் போதுமாக இருந்தது. இத்தாலி என்ற முத்திரையை அராவி எடுத்திருப்பார்களா என்று அடியிலும் கழுத்திலும் தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வளைந்து, ஓரிடம் மட்டும் சப்பையாக இருக்கும்.

பெயரே இல்லாத அசல்களும் நிறைய உண்டு. அதேபோல, கழுகும் குறுக்கிட்ட கைத்துப்பாக்கிகளும் உள்ள கோல்ட் குடுவைதான் அதிகம் நகலெடுக்கப்பட்டது. அதைத் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சாதாரண வேலைப்பாடு உள்ள, பெயர் தெரியாத குடுவையில் தொடங்குங்கள். அதைப் போலி செய்வதில் யாருக்கும் இலாபம் இல்லை.

கொம்பும் தந்தமும்

கொம்புக் குடுவை என்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உண்மைக் கொம்பில் நீளவாக்கில் நாரும் அடுக்கும் தெரியும், மெல்லிய இடம் ஒளி விடும், பூச்சி அரித்த துளையும் இருக்கலாம். பிளாஸ்டிக் வார்ப்பில் காற்றுக்குமிழியும் அச்சுக்கோடும் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே மருந்து ஒட்டியிருந்தால் கை போய்விடும். யானைத்தந்தக் குடுவை என்று யாராவது காட்டினால் அசலா நகலா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். யானைத்தந்த வியாபாரம் இங்கே சட்டவிரோதம்.

வாங்கும் முன்

1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நியாயமாகக் கருதக்கூடிய பொருள் எங்கள் சட்டத்தில் தொல்பொருள். நிலத்துக்குள் இருந்து எடுத்தால் அது அரசுக்குரியது. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு போவதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. ஆகவே 'கோட்டைக்குள் தோண்டி எடுத்தது' என்று ஒருவர் சொன்னால் இரண்டே வழி. கதை பொய் என்றால் வாங்கத் தேவையில்லை. உண்மை என்றால் வாங்கக் கூடாது. நாவலர் வீதியில் உள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கலாம். அங்கே ஒருமுறை போய்ப் பழைய உலோகம் எப்படி நிறம் மாறும் என்று நின்று பார்ப்பதும் பயன் தரும்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் மூலம் எடுப்பதானால் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேட்கச் சொல்லுங்கள்: முழுப் பொருத்துக்கோடு, அடிப்பக்கம், குழாயின் எண்கள், வில்லும் திருகாணிகளும், உள்ளே வெளிச்சம் விட்டு எடுத்த ஒன்று. உள்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உள்ளே மருந்து இல்லை என்பதையும் எழுத்தில் கேளுங்கள். விமானத்தில் வரும் பொதியில் அது விளையாட்டல்ல.

மேலே சொன்னவற்றில் ஒன்று பிழைத்தால் திருத்த வேலையாக இருக்கலாம். பொருத்து, உள்பக்கச் சித்திரம், அளவுக்குழாய் மூன்றும் பிழைத்தால் அது நகல். நகலையும் வாங்கலாம், அழகானவை உண்டு. ஆனால் நகலின் விலைக்கு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அடியில் சின்னத் துண்டு ஒட்டி, நகல் என்றும் வாங்கிய வருடத்தையும் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் பிள்ளைகள் அதை அசல் என்று விற்காமல் இருக்க அது ஒன்றே வழி.